வாய்க்கால் மேட்டில் ஏறியவர்கள்

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. கனவும் இல்லை. நடந்தபோது பக்கத்து சீட்டில் என் கணவர் இருந்தார். அவரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். பேச்சை மாற்றுவார், அவ்வளவுதான். பேயெல்லாம் சும்மா என்பவர்கள் தாராளமாக அப்படியே நினைத்துக்கொள்ளலாம். போன ஐப்பசி வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான்.

என் பெயர் இந்துமதி. திருப்பூர் வீரபாண்டியில் இருக்கிறோம். ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். கணவர் மகுடேஸ்வரன் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து வயிற்றில் வந்த பெண் குழந்தை ஆறாம் மாதத்தில் தங்காமல் போனது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எங்களுக்கு ஆகாது. லீவு நாளில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது? டிவி ஓடும். நாங்கள் அதைப் பார்க்கவும் மாட்டோம், நிறுத்தவும் மாட்டோம்.

அப்படி ஒரு ஞாயிறு அவர் வெளியே கிளம்பிப் போனார். பல்லடம் பக்கம் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடம் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் அங்கிருந்து ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"எதுக்குங்க இது?"

"ஊடு கட்டலாம் அம்மிணி. சக்கரத்து மேல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து.

அது ஒரு கம்பெனி வேன். பனியன் கம்பெனிகளுக்கு ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிவந்து, ஷிஃப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுமே, அந்த மாதிரி. சீட்டுகளை எல்லாம் கழற்றினோம். தரையில் ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பை உரித்தபோது அடியில் ஹேர்பின், ஊக்கு, காய்ந்த பூச்சரத்தின் நார் என்று கைநிறையக் கிடைத்தது. பெண்கள் போய்வந்த வண்டி.

ஞாயிறுகள் அதன் பிறகு போதவில்லை. தகரச் சுவருக்குள் சூடு இறங்காமல் இருக்க, எங்கள் கம்பெனியில் இருந்து மூட்டை மூட்டையாகக் கட்டிங்கில் மிஞ்சிய வேஸ்ட் துணி கொண்டுவந்து அடைத்தோம். அதன் மேல் பிளைவுட். பின்னால் ஒரு கட்டில். ஒரு சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரை மேல் சோலார் பேனல். மெத்தை உறைகளை ரிஜெக்ட் ஆன துணியில் நானே தைத்தேன். அவருக்குக் காட்டு வழியில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. அதனால் ஸ்பிரிங் பட்டைகளைக் கூடுதலாகப் போட்டு வண்டியை ஒரு சாண் உயர்த்தினார். பெரிய டயர் மாட்டினார். கல் இடிக்காமல் இருக்க இன்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்தார். "ஆத்துக்குள்ள எறக்குனாக்கூட இது ஏறி வந்துரும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சில விஷயங்கள் அப்போதே சரியில்லை.

வேனின் பக்கவாட்டுக் கதவு இழுத்துத் திறக்கிற மாதிரி. வேலை முடிந்ததும் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போவோம். இருட்டுகிற நேரம் வந்து பார்த்தால் திறந்து கிடக்கும். கொஞ்சமாக இல்லை. ஓர் ஆள் ஏறுகிற அளவுக்கு. அவர் பூட்டை மாற்றினார். மறுநாளும் திறந்திருந்தது.

உள்ளே சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். புதுப் பெயிண்ட் அடித்தோம். இருந்தும் வெயில் தாழ்ந்தால் தேங்காயெண்ணெயும் வாடின மல்லிகையும் கலந்த ஒரு வாசம் வண்டிக்குள் எழும்பும்.

ஒருநாள் அவர் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று வெளியே வந்து சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு அம்மிணி வண்டியத் தட்டுன?"

நான் அரை மணி நேரமாக அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

*

தீபாவளி லீவில் முதல் பயணம். கொமரலிங்கத்தில் என் பெரியம்மா சுப்பாத்தாளுக்கு அமராவதி ஆற்றங்கரையில் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே போய் வண்டியிலேயே இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கிளம்பினோம். பல்லடம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை இல்லை. நசநசவென்று விடாத தூறல்.

உடுமலை ரோட்டில் ஓரிடத்தில் வாய்க்கால் குறுக்கே போகிறது. பாலத்தை ஒட்டி, வாய்க்கால் மேட்டின் மேல் ஒரு மண் பாதை பிரிந்தது. அவர் கண் அதிலேயே நின்றது.

"ஒரு ரவுண்டு எறக்கிப் பாக்கலாமா?"

"மழையிலயாங்க?"

"மழையிலதான் பாக்கோணும்."

இறக்கினார். சேறு. சக்கரம் ஒரு தடவை சுழன்றது, வழுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டு ஏறியது. அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்தினார், சின்னப் பையன் மாதிரி. நானும் கத்தினேன். அந்த நிமிடம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கொஞ்ச தூரம் போய் நிறுத்தினோம். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. வெளிச்சம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. நான் பின்னால் போய் எங்கள் அடுப்பில் முதல் டீ வைத்தேன். பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. சாரல் அழகாக இருந்தது. அவர் குடையோடு இறங்கி, முன்பக்கம் தகட்டில் கல் அடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

டீ கொதி வருகிற நேரம். என் முதுகுக்குப் பின்னால் படியில் யாரோ கால் வைத்தார்கள். வண்டி லேசாக அந்தப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. எடை உள்ள ஒருவர் ஏறினால் ஆகுமே, அப்படி.

"சக்கரை தூக்கலா போடட்டுங்களா?" என்றேன் திரும்பாமலே.

அடுப்பைத் தணித்தேன்.

"ஏனுங்க..."

திரும்பினேன். யாரும் இல்லை.

முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் வண்டிக்கு முன்னால், இருபது அடி தள்ளி, குனிந்து முன்னால் போகிற பாதையின் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி மறுபடியும் சாய்ந்தது.

கிறீச்... நிமிர்ந்தது.

பாத்திரத்தில் இருந்த டீயைப் பார்த்தேன். அது பொய் சொல்லாது. டீ ஒரு பக்கம் சரிந்து, விளிம்பைத் தொட்டு, மெல்ல மட்டத்துக்கு வந்தது. உடனே மறுபடியும் சரிந்தது. ஒருவர் ஏறி, உள்ளே நகர்ந்து, அடுத்தவருக்கு வழி விடுகிற மாதிரி. மறுபடியும். மறுபடியும்.

எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. அடுப்பை அணைத்தேன். கை அதைச் செய்தது, நான் செய்யவில்லை.

தேங்காயெண்ணெய் வாசம்.

ஈரத்துணி வாசம்.

என்னைச் சுற்றி இடம் குறைந்துகொண்டே வந்தது. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கூட்டமான பஸ்ஸில் நிற்கிறபோது உடம்பு தானாகச் சுருங்குமே... அப்படி என் தோள்கள் சுருங்கின.

எப்படி முன் சீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. ஹார்னை அமுக்கினேன். அவர் ஓடிவந்தார். ஓடிவந்தவர் பாதியில் நின்று வண்டியைப் பார்த்தார்.

"என்ன இப்படி அமுந்து கெடக்குது?"

ஒரு சாண் உயர்த்திய வண்டி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இப்போது விரல் நுழைகிற இடம்கூட இல்லை.

"ஏறுங்க" என்றேன். "கேள்வி கேக்காதீங்க. ஏறுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பக்கவாட்டுக் கதவை இழுத்தார். அது முக்கால்வாசி வந்து நின்றது. எதன் மீதோ இடித்த மாதிரி. இரும்பில் இடித்த சத்தம் இல்லை அது. மெத்தென்று இருந்தது. அவர் கையை எடுத்துவிட்டார்.

கதவு தானாக மீதி தூரம் நகர்ந்து மூடிக்கொண்டது. உள்ளிருந்து.

அவர் வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. அப்போது பின்னால், கதவுப் பக்கத் தகரத்தில்...

டப். டப்.

கம்பெனி வேனில் கதவோரம் நிற்கிற பெண் அப்படித்தான் தட்டுவாள். இரண்டு தட்டினால் போகலாம்.

*

மணி ஆறரை. மெயின் ரோட்டுக்கு ஏறினோம். டயர் மட்கார்டில் உரசிக்கொண்டே வந்தது. ரப்பர் கருகிய நாற்றம். அவர் வலது பக்கம், பல்லடம் திசையில் வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு.

இன்ஜின் நின்றது.

ஸ்டார்ட் செய்தார். பிடித்தது. மறுபடி அந்தப் பக்கம் திருப்பினார். நின்றது.

மூன்றாவது தடவை இடது பக்கம் திருப்பினார். உடுமலைப் பக்கம். வண்டி போனது.

"அம்மிணி, பின்னாடி பாக்காத."

"நீங்களும் பாக்காதீங்க."

உள் கண்ணாடியை நாங்கள் ஏற்கனவே கழற்றியிருந்தோம். பின்னால் விளக்குப் போட நான் கை நீட்டவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். உச்சியில் சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. மழைச் சத்தத்துக்கு நடுவே, பின்னால், மிக மெல்லிய ஒரு சத்தம். டிபன் பாக்ஸ் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம்.

குடிமங்கலம் நால்ரோடு தாண்டி ஒரு பிரிவு வந்தது.

டப்.

ஒரே ஒரு தட்டு. இன்ஜின் நின்றது. வண்டி உருண்டுபோய் நிழற்குடைக்கு நேராக நின்றது. அங்கே ஓர் அம்மா நின்றிருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது. கையில் காய்கறிப் பை, தலைக்கு மேல் குடை. சாதாரண ஆள். உயிருள்ள ஆள். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் ஜன்னலுக்கு வந்தார்.

"உடுமலைங்களா அம்மிணி? பஸ்ஸே காணமுங்க..."

அந்த அம்மா என் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்தார்.

"அட... எடமில்லீங்களாட்ட இருக்குது."

அவர் கண்கள் ஒரு முகத்தில் இருந்து இன்னொரு முகத்துக்குப் போவது எனக்குத் தெரிந்தது. வரிசையாக.

"பரவால்லீங்க. நான் பஸ்ஸுக்கே வந்துக்கறனுங்க." பிறகு, என்னிடம் இல்லை, எனக்குப் பின்னால் இருந்தவர்களிடம்: "ஏங்கண்ணு... எல்லாரும் இப்படி நனஞ்சு போயிருக்கறீங்க?"

பக்கவாட்டுக் கதவு திறந்தது.

அந்த அம்மா சட்டென்று ஒதுங்கி நின்றார். இறங்குகிறவருக்கு வழி விடுவது போல.

வண்டி லேசாக எழும்பியது.

டப். டப்.

என் கணவர் சாவியைத் திருப்பினார். வளையத்தில் இருந்த மற்ற சாவிகள் கலகலத்தன.

*

அடுத்தது ஒரு கோயில் முன்னால். அடுத்தது புளியமரங்களுக்கு நடுவே, வீடே இல்லாத ஓரிடத்தில். இருட்டில் ஒரு மண் தடம் மட்டும் உள்ளே போனது.

டப். நிற்கும். கதவு திறக்கும். வண்டி எழும்பும். மூடும். டப் டப்.

உடுமலை வந்தது. வெளிச்சம். பட்டாசுக் கடை. ஜனங்கள். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"இங்கயே எறங்கி ஓடிரலாம். வண்டி கெடக்கட்டும்."

முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எல்லாம் ஊட்டுக்குப் போகோணும்னு ஏறியிருக்காங்க அம்மிணி. பாதில உட்டா... மறுக்கா அங்கயேதான நிக்கோணும். கொண்டுபோயி உட்டுரலாம்."

இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அந்த மனிதர் பயத்தில் பல் கிட்டிப்போய்த்தான் அதைச் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

உடுமலை தாண்டி கொமரலிங்கம் ரோடு. இரண்டு பக்கமும் நெல் வயல், தென்னை. ஒவ்வொரு ஊராக இறங்கினார்கள். ஓரிடத்தில் கதவு திறந்தபோது தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. சட்டென்று நிறுத்திவிட்டு, அடையாளம் கண்டதுபோல முனகியது. டயர் உரசுவது நின்றது. ரப்பர் நாற்றம் போனது. வண்டி பழையபடி நிமிர்ந்து ஓடியது. கிட்டத்தட்ட.

கொமரலிங்கத்துக்கு இரண்டு மைல் இருக்கும்.

டப்.

கரும்புக்காடு ஒரு பக்கம். மறுபக்கம் வெறும் நிலம்.

கதவு திறந்தது.

காத்திருந்தோம்.

வண்டி எழும்பவில்லை.

தூறல் நின்றிருந்தது. கரும்புத் தோகையில் இருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு...

படியில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. வண்டி சாய்ந்தது. பிறகு, வைத்த காலை எடுத்துக்கொண்டது போல, மறுபடி உள்ளே...

கட்டில் பலகை முனகியது.

இன்னும் பக்கத்தில்.

என் சீட்டுக்கு நேர் பின்னால்.

கழுத்தில் குளிர்.

"அக்கா..."

சின்னப் பெண்ணின் குரல்.

"அக்கா... வீட்டக் காணோம்."

*

நாங்கள் ஓடினோம். செருப்புக்கூட இல்லை. பெரியம்மா தோப்புக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மணி ஒன்பது இருக்கும். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று சொன்னோம். பெரியம்மா சோறு போட்டார். நான் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் நல்ல வெயில். பெரியம்மாவின் ஆட்களோடு போனோம். வேன் விட்ட இடத்திலேயே நின்றது. கதவு மூடியிருந்தது. கேஸ் அடுப்பின் மேல் டீப் பாத்திரம் அப்படியே இருந்தது. ஆட்கள் ஏறிப் பார்த்து, "நல்ல வேலையா பண்ணியிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டு இறங்கினார்கள்.

என் கணவர் மட்டும் வண்டியின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பிரிங் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு ஆளு இருக்குது அம்மிணி" என்றார்.

திருப்பூருக்கு அவர் தனியாகத்தான் ஓட்டிவந்தார். நான் பஸ்ஸில் வந்தேன். வழியில் ஒன்றும் நடக்கவில்லை என்றார். ஆனால் வந்து இறங்கும்போது அவர் கண் சிவந்திருந்தது. "பின்னாடி அந்தப் புள்ள சத்தமே போடாம அழுதுட்டு வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தக் குரல் என்னை விடவில்லை. எங்கள் பக்கத்துப் பெண் என்றால் ஊடு என்பாள். இவள் வீடு என்றாள். தெக்கத்திப் பேச்சு. என் செக்‌ஷனில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுவார்கள். யாரோ ஒருவருடைய மகள். நமக்கென்ன என்று விட எனக்கு முடியவில்லை.

வண்டி உடைக்கிற இடத்தில் விசாரித்தோம். அவர்கள் ஒரு பெயர் சொன்னார்கள். அந்த வேனைக் கடைசியாக ஓட்டிய டிரைவர் நாச்சிமுத்து. இப்போது அருள்புரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். ஐம்பது வயதுக்காரர். வண்டி நம்பரைச் சொன்னதும் ஸ்டாண்டை விட்டு எங்களைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்த வண்டியில யாராவது செத்தாங்களாங்க?" என்று நேராகக் கேட்டேன்.

"இல்லீங்க." உடனே சொன்னார். "நான் ஓட்டுன வரைக்கும் அதுக்குள்ள ஒருத்தருக்கும் ஒரு கீறல் உழுந்ததில்லீங்க அம்மிணி."

"அப்பறம்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு வண்டி போகலீங்க."

ஆறு வருடத்துக்கு முன்னால். அதே ஐப்பசி. கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்து நிற்கிறார்கள். வேனுக்குக் கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக் வரத் தாமதம். மழை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். உடுமலைப் பக்கம் காலியாகத் திரும்பிய ஒரு மினி லாரியைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். வாய்க்கால் பாலத்தில் அது வழுக்கித் தண்ணீருக்குள் கவிழ்ந்தது.

"பத்துப் பொண்ணுங்க. கொஞ்ச நேரம் பொறுங்க கண்ணு, வண்டி ரெடியாயிரும், நானே வந்து ஏத்திக்கறேன்னு சொன்னனுங்க. அதுல ஒரு பொண்ணு ஏறும்போது சிரிச்சுட்டே சொல்லுச்சு, 'அண்ணா, பின்னாடியே வாங்க, வழியில நாங்க மாறிக்கறோம்'னு."

மீதியையும் அவரே சொன்னார். ஒன்பது பேரின் உடலை எடுத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் கிடைக்கவே இல்லை. அப்படிச் சிரித்துக்கொண்டு சொன்ன பெண்தான். விஜயராணி. பத்தொன்பது வயது. உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து கொமரலிங்கத்துக்குக் கரும்பு வெட்ட வந்து தங்கிவிட்ட குடும்பம். அப்பா இல்லை. அம்மா சீனியம்மாள்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"உங்க வீரபாண்டிதானுங்க" என்றார்.

*

எங்கள் வீட்டில் இருந்து நாலு தெரு தள்ளி, வரிசையாக அடுக்கிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்று. சீனியம்மாள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். ஒரு கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. புடவையெல்லாம் நூல் தூசி. எங்களை உட்காரச் சொல்லிப் பாய் விரித்தார். சுவரில் படம் எதுவும் இல்லை. மாலை போட்ட படம் எதுவும் இல்லை.

என்ன சொல்வது என்று தெரியாமல், கொமரலிங்கத்தில் இருந்து ஏன் வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"நாங்க இருந்தது தோட்டத்துச் சாளை, குடிசைதான் தாயி. இடத்தை வித்துப்புட்டாக. புதுசா வாங்குனவுக சாளையை இடிச்சுட்டாக. நான் போக மாட்டேன்னுதான் சொன்னேன். யாரு கேக்கா?" அவர் சேலையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தார். "எம் மக வந்தா என்னைய எங்கன்னு போயித் தேடுவா? அது ஒண்ணுதான் தாயி ராத்திரி தூங்க விடாது."

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அல்லது கத்தி அழுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டார். தலையை வாரிக்கொண்டார்.

"வண்டி எங்க நிக்கிது?" என்றார்.

வேனைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றார். பெயிண்ட் மாற்றியிருந்தும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஏறினார். வண்டி சாய்ந்து நிமிர்ந்தது. கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுக்கொண்டார்.

"ராணி... இங்கிட்டு வாடி. அம்மா இங்கனதான் இருக்கேன்."

நாலு தெரு. என் கணவர் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் அந்த அம்மா யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் நிறுத்தினோம். கதவைத் திறந்துவிட்டு நானும் அவரும் வெளியே நின்று பார்த்தோம்.

சீனியம்மாள் இறங்கினார். வண்டி எழும்பியது.

அவர் திரும்பி நின்று, கையை உள்ளே நீட்டினார்.

வண்டி இன்னொரு தடவை எழும்பியது.

இரண்டு பேரும் பார்த்தோம்.

அன்றைக்கு ராத்திரி பல மாதம் கழித்து நான் நிம்மதியாகத் தூங்கினேன். பெற்றவளிடம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்ற ஒரு நினைப்பு. வேன் வாசலில் நின்றது. பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளே பெயிண்ட் வாசம் மட்டும்தான்.

முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

விடிந்தும் விடியாமல் போன் அடித்தது. சீனியம்மாள். குரலில் சிரிப்பு. முந்தின நாள் அந்த அம்மா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"தாயி... புள்ள ராத்திரி பூரா என் மடியிலதான் கெடந்தா. இப்பத் தலை சீவிக் கெளம்பி நிக்கிறா. இன்னைக்கு ஒரு நாள் லீவு போடுடின்னா கேக்க மாட்டேங்கிறா."

நான் போனை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மத்த புள்ளைகளும் வந்து வாசல்ல நிக்கிதுக, தாயி. வண்டி எத்தனை மணிக்கு வரும்னு கேக்குதுக."